காரணம் தெரியாத காய்ச்சல்

என் இடத்துக்கு வந்திருக்கும் திவ்யா, மருத்துவமனை ஆய்வகத்தின் சாவியை வாங்கிக்கொண்ட அன்று என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அக்கா, மலையிலேர்ந்து என்னென்ன கேஸ் வரும்னு ஒரு லிஸ்ட் போட்டுக் குடுத்துட்டுப் போங்க."

பட்டியல் போடச் சொன்னால் எனக்கு அலுப்பே வராது. காரிமங்கலத்தில் எங்கள் வீட்டில் சந்தைக்குப் போகும் பை முதல் அக்காவின் கல்யாணம் வரை எல்லாவற்றுக்கும் நான் போட்ட பட்டியல்தான். "இவ சாமி கும்பிட்டாக்கூட ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போட்டுத்தான் வேண்டிக்குவா" என்று அம்மா உறவினர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

முப்பதைக் கொஞ்சம் தாண்டிய ஒருத்தி ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் அந்த ஆய்வகத்தைப் பொறுத்தவரை நான் ஓய்வு பெற்றவள்தான். படிப்பு முடிந்ததும் ஒப்பந்தப் பணியில் சேர்ந்து, அங்கேயே வேலை கற்றுக்கொண்டு, இப்போது வேறு மாவட்டத்தில் நிரந்தரப் பணி கிடைத்து வந்துவிட்டேன். அந்த மைக்ராஸ்கோப்பின் முன் இனி நான் உட்காரப் போவதில்லை.

திவ்யாவுக்குக் கொடுத்த பட்டியல் மாத வாரியானது. மாசி, பங்குனியில் புளி உலுக்கப் போய் மரத்திலிருந்து விழுந்தவர்கள் வருவார்கள். மணிக்கட்டு, இடுப்பு, சில சமயம் முதுகுத்தண்டு. சித்திரையில் ஊற்று வற்றிக் கலங்கிய தண்ணீரைக் குடிப்பதால் வயிற்றுப்போக்கு. முதல் மழைக்குப் பிறகு பாம்புக்கடி. தேன் எடுக்கப் போய்க் கொட்டு வாங்கியவர்களுக்கு மாதக் கணக்கு கிடையாது. கர்ப்பிணிகளின் ரத்தசோகைக்கும் கிடையாது. குடகுக்கு மிளகு பறிக்கப் போய்த் திரும்பியவர்களுக்கு மலேரியா பார்க்க வேண்டும். குடி, குடியால் கெட்ட கல்லீரல், குடியால் வந்த சண்டையில் உடைந்த தலை ஆகியவற்றை ஒரே வரியில் எழுதிக் கொடுத்தேன், ஏனென்றால் பல நேரம் மூன்றும் ஒரே ஆளிடம் இருக்கும்.

கடைசி வரி, ஐப்பசி முதல் தை வரை காய்ச்சல். அதன் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தேன்: "உடம்பு முழுக்கப் பார்த்தாயிற்றா என்று வார்டில் கேள். பிறகு ரத்தம் எடு."

திவ்யா அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். "அக்கா, இப்பத்தான் கார்டு டெஸ்ட் வந்துடுச்சே. ரெண்டு சொட்டு விட்டா கோடு தெரிஞ்சுடும். வார்டுல போயி நான் எதுக்குக் கேக்கணும்? நான் லேப்தானே?"

நான் லேப்தானே. இதே வார்த்தையை ஒரு காலத்தில் நானும் சொல்லியிருக்கிறேன். அந்த வரியை ஏன் எழுதினேன் என்பதை அவளுக்கு நின்றபடியே சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

அது தர்மபுரி மாவட்டத்தின் மேற்கே, பென்னாகரத்தைத் தாண்டி, மலை அடிவாரத்தில் இருக்கும் ஒரு சிறிய மருத்துவமனை. பெயர் தேவையில்லை. அதன் முன்னால் நின்று அண்ணாந்து பார்த்தால் மலை தெரியும். அங்கே இருப்பவர்கள் மலையாளி மக்கள். கேரளத்தவரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். தலைமுறை தலைமுறையாக அந்த மலைகளில் வாழும் தமிழ் பேசும் பழங்குடியினர். சாமையும் ராகியும் விதைப்பார்கள், மாடு வளர்ப்பார்கள். எங்களைக் கீழ்நாட்டார் என்பார்கள். அவர்களுக்கு உடம்பு சரியில்லையென்றால் பாதி தூரம் நடந்தும் மீதி தூரம் வேனிலும் எங்களிடம்தான் வரவேண்டும்.

காய்ச்சலோடு வருபவர்களுக்கு எங்களிடம் ஒரு வழிமுறை இருந்தது. டைபாய்டு பார், டெங்கு பார், மலேரியா பார், சிறுநீர் பார். சில பேருக்கு ஏதாவது ஒன்று கிடைக்கும். மழைக்குப் பிறகு வரும் மலைக்காரர்களில் பலருக்கு எதுவுமே கிடைக்காது. நான் வரிசையாக "இல்லை, இல்லை" என்று எழுதி அனுப்புவேன். அவர்கள் போகும்போது சீட்டில் "காரணம் தெரியாத காய்ச்சல்" என்று எழுதப்பட்டிருக்கும். சிலர் தாமாகவே தேறிப் போனார்கள். சிலரைத் தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அவர்களில் எல்லோரும் திரும்பி வரவில்லை. பரிசோதனைக்கு நான் பயன்படுத்திய மருந்துகள் காலாவதி ஆனவை அல்ல, கருவிகளும் சரியாகத்தான் இருந்தன. ஆனாலும் அந்த மாதங்களில் எனக்கு வேலையில் மனம் ஒட்டாது. ஒரு கேள்விக்கு "இல்லை" என்று மட்டுமே பதில் சொல்லத் தெரிந்த ஆய்வகம் எதற்கு என்று தோன்றும்.

ஒரு வருடம் மழைக்குச் சற்று முன்னால் டாக்டர் யசோதா மாற்றலாகி வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். வேலூர்ப் பக்கத்துக்காரர். குட்டையான உருவம், சத்தமில்லாத நடை. அவர் ரவுண்ட்ஸ் வருவதற்கு அடையாளம் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் தரையில் உரசும் சத்தம்தான். ஒவ்வொரு கட்டிலுக்கும் அதைத் தானே இழுத்துக்கொண்டு போவார். உட்கார்ந்தால் அவருடைய தலை நோயாளியின் தலைக்குக் கீழே இருக்கும். ஸ்டெதஸ்கோப்பை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிவிட்டுத்தான் வைப்பார். பெண்களைப் பார்க்கும்போது திரையை மூன்று பக்கமும் இழுத்துவிட்டு, ஏதாவது இடைவெளி இருக்கிறதா என்று தானே எட்டிப் பார்ப்பார்.

அவரிடம் ஒரு சட்டம் உண்டு. நோயாளியிடம் "ஏன்" என்று கேட்கக் கூடாது.

"ஏன் லேட்டா வந்தீங்கன்னு கேட்டா அது கேள்வி இல்லம்மா, திட்டு. எப்பக் கிளம்புனீங்கன்னு கேளு. பதில் வரும்" என்று எனக்கு முதல் வாரத்திலேயே சொன்னார். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "லேப்பு" என்றுதான் கூப்பிடுவார். "லேப்பு, கண்ணாடிக்குள்ள உக்காந்துட்டு ரத்தம் எடுத்த குழாயக் கொண்டான்னு சொல்லாத. நீயே வந்து எடு. யாரோட ரத்தம்னு தெரிஞ்சுட்டு எடு." எனக்கு அது பிடிக்கவில்லை. ஆய்வகத்தில் ஆயிரம் வேலை கிடக்கும்போது வார்டுக்கு நடப்பது நேர விரயம் என்று நினைத்தேன். நான் லேப்தானே என்று சொன்னது அப்போதுதான். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "ஆமா, லேப்புதான். கால் இருக்கற லேப்பு" என்றார்.

இங்கே ராணி சிஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெண்கள் வார்டின் மூத்த செவிலியர். வீட்டிலிருந்து பெரிய தூக்குப் பாத்திரத்தில் ரசம் கொண்டுவந்து, துணைக்கு ஆள் இல்லாத நோயாளிகளுக்கு ஊற்றுவார். அவ்வளவு இளகிய மனம். ஆனால் சூடு என்ற ஒரு விஷயத்தில் மட்டும் வேறு ஆளாகிவிடுவார்.

எங்கள் பக்கத்தில் சில நோய்களுக்குச் சூடு வைக்கும் வழக்கம் உண்டு. மலையில் மட்டுமல்ல, கீழேயும் உண்டு. கம்பியையோ மஞ்சள் கொம்பையோ பழுக்கக் காய்ச்சி உடம்பில் வைப்பார்கள். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பு, பிறந்து சில நாளே ஆன குழந்தை ஒன்றை வயிறு உப்பியதற்காகச் சூடு வைத்து, புண் சீழ் பிடித்த பிறகு கொண்டுவந்தார்களாம். தர்மபுரிக்குப் போகும் வழியில், ஆம்புலன்சில், ராணி சிஸ்டரின் மடியில் அது இறந்துபோனது. அதற்குப் பிறகுதான் வாசலில் அந்தப் போர்டு வந்தது: "சூடு வைக்காதீர்கள். சூடு வைப்பது உயிருக்கு ஆபத்து." யார் உடம்பில் புதிய தழும்பைப் பார்த்தாலும் அவர் விடமாட்டார். வார்டே கேட்கும்படி பேசுவார். அவர் பேசியதால் சில குழந்தைகளாவது தப்பியிருக்கும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

காவேரி வந்தது கார்த்திகை மாதத்தில். மலை உச்சிக்கு அருகில் இருக்கும் ஊர். கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. கணவன் குடகுக்கு வேலைக்குப் போயிருந்ததால் தாய் வீட்டில் இருந்தாள். அழைத்து வந்தது அவளுடைய அம்மா தீர்த்தம்மா. ஒல்லியான, நிமிர்ந்து நடக்கிற பெண்மணி. அதிகம் பேச மாட்டார் என்பது பார்த்தாலே தெரியும். டாக்டர் யசோதா பயிற்சிக்காக வெளியூர் போயிருந்தார். வேறு டாக்டர் பார்த்து, காய்ச்சல் என்று படுக்கையில் சேர்த்தார்.

நான் ரத்தம் எடுக்கப் போனபோது ராணி சிஸ்டர் தெர்மாமீட்டர் வைப்பதற்காகக் காவேரியின் இடது கையைத் தூக்கினார். அக்குளில் ஒரு கருப்புப் புள்ளி. பொட்டு அளவுக்கு, காய்ந்து, கருகினாற்போல.

"சூடு வெச்சீங்களா?" என்றார் சிஸ்டர்.

தீர்த்தம்மா மகளின் கையைக் கீழே இறக்கப் பார்த்தார். சிஸ்டர் விடவில்லை.

"படிச்சுப் படிச்சு சொல்றோம். வாசல்ல போர்டு வெச்சிருக்கோம். பெத்த புள்ளயப் பொசுக்கி எடுத்துட்டு வந்து இங்க போட்டா நாங்க என்ன பண்றது? உங்களுக்கெல்லாம் எப்பத்தான் புத்தி வரும்?"

சுற்றியிருந்த கட்டில்களில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தீர்த்தம்மா மகளின் சேலைத் தலைப்பை இழுத்து அந்தக் கையை மூடினார். அதற்குப் பிறகு யார் தெர்மாமீட்டரோடு வந்தாலும் மகளின் வலது கையைத்தான் தூக்கிக் காட்டினார். நானும் வலது கையிலேயே ரத்தம் எடுத்துக்கொண்டு வந்தேன்.

டைபாய்டு இல்லை. டெங்கு இல்லை. மலேரியா இல்லை. ஆனால் ரத்தத் தட்டணுக்கள் ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் குறைந்துகொண்டே வந்தன. கல்லீரல் அளவுகள் ஏறின. காய்ச்சல் எந்த மருந்துக்கும் அசையவில்லை. பிறகு காவேரிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. தர்மபுரிக்கு அனுப்புவது என்று முடிவாகி, ஆம்புலன்சுக்குச் சொல்லியாயிற்று.

தீர்த்தம்மா மறுத்துவிட்டார். ஆஸ்பத்திரிப் போர்வையை மடித்துக் கட்டில் மேல் வைத்துவிட்டு, தன் துணி மூட்டையைக் கட்ட ஆரம்பித்தார். ட்ரிப்ஸைக் கழற்றச் சொன்னார். தர்மபுரிக்கு இல்லை, மலைக்கு. ஊரிலிருந்து வந்திருந்த உறவுக்கார ஆண்கள் இருவர் தூக்கிச் செல்ல வெளியே காத்திருந்தார்கள். மேலே போனால் அந்தப் பெண் பிழைக்க மாட்டாள் என்று அவர்களைத் தவிர அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஒருவேளை தீர்த்தம்மாவுக்கும் தெரிந்திருக்கலாம்.

டாக்டர் யசோதா பயிற்சி முடிந்து நேராக வார்டுக்கு வந்தது அன்று மதியம். கையில் பயணப் பை இன்னும் இருந்தது. நிலைமையைச் சொன்னார்கள். அவர் ஸ்டூலைத் தேடினார். அது ஆண்கள் வார்டில் இருந்தது. போய் எடுத்துக்கொண்டு, உரசும் சத்தத்தோடு வந்து உட்கார்ந்தார்.

"சாப்டீங்களாம்மா?"

தீர்த்தம்மா அவரைப் பார்க்கவில்லை. "எங்க வூட்டுக்குப் போறமுங்க" என்றார். "செத்தா எங்க மண்ணுல சாவட்டும். பெத்தவளே சூடு வெச்சுக் கொன்னுட்டான்னு இங்க பேரு வேணாமுங்க."

டாக்டர் தலையை ஆட்டினார். போகக் கூடாது என்று சொல்லவில்லை. காய்ச்சல் எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். சாமை அறுப்பு முடிந்து, மாட்டுக்குப் புல் அறுக்கப் போய்வந்த பிறகு என்றார் தீர்த்தம்மா. புல் அறுத்தது எங்கே? காட்டோரத்தில், புதர் பக்கமாக. தனியாகவா, கூட யாராவதா? கூடப் போன இரண்டு பேருக்கும் காய்ச்சல் வந்து போயிற்று. இப்படியே கேட்டுக்கொண்டு வந்து, அதே குரலில், "கக்கத்துல சூடு எப்ப வெச்சீங்க?" என்றார்.

"வெக்கலீங்க."

"சரி. வேற எதுக்கெல்லாம் வெப்பீங்க?"

தீர்த்தம்மா முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தார். திட்டுவதற்கான முன்னேற்பாடா, உண்மையிலேயே கேட்கிறாரா என்று யோசித்திருக்க வேண்டும். பிறகு தன் முன்கையை நீட்டினார். மணிக்கட்டுக்கு மேலே பழைய வெள்ளைத் தழும்பு.

"இது மஞ்சக்காமாலைக்கு. எங்கம்மா வெச்சது. வயித்து வலின்னா தொப்புளச் சுத்தி வெப்பாங்க. காய்ச்சலுக்கு யாருங்க சூடு வெப்பாங்க? சுடுற உடம்புல இன்னும் கொண்டுபோயி சுடுவாங்களா? அதுவும் கக்கத்துல. வெச்சா அப்புறம் கையக் கீழ போட முடியுமா?"

"அப்ப இது?"

"தானா வந்துச்சுங்க. காய்ச்சலுக்கு முன்னாடியே இருந்துச்சு."

"நான் பாக்கலாமா?"

திரையை இழுத்தோம். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். கருப்புப் பொருக்கு, அதைச் சுற்றி மெல்லிய சிவப்பு வளையம். பக்கத்தில் ஒரு நெறி கட்டியிருந்தது. பொருக்கை விரலால் மெதுவாக அழுத்தி, வலிக்கிறதா என்று காவேரியைக் கேட்டார். மூச்சு வாங்கிக்கொண்டே அவள் இல்லை என்று தலையசைத்தாள். அரிப்பு? அதுவும் இல்லை.

"லேப்பு, சூட்டுப் புண்ண அழுத்துனா வலிக்குமா, வலிக்காதா?"

"வலிக்கும் மேடம்."

"இது வலிக்கல" என்றார்.

அது உண்ணிக் காய்ச்சல். புதரிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்கே தெரியாத ஒரு உண்ணிக் குஞ்சு கடித்து வருவது. கடித்த இடத்தில் வலியில்லாத கருப்புப் பொருக்கு உண்டாகும். சிகரெட்டால் சுட்டதுபோல இருக்கும் என்று எங்கள் பாடப் புத்தகத்திலேயே ஒரு வரி இருந்தது. நான் அதை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதியும் இருக்கிறேன். சூடு வைக்கும் வழக்கம் இல்லாத ஊரில் அப்படி ஒரு தழும்பைப் பார்த்தால் இது என்ன என்று யோசிப்பார்கள். எங்கள் ஊரில் யாரும் யோசிக்கவில்லை. பார்த்ததும் பெயர் தெரிந்துவிட்டது. திட்டவும் தெரிந்திருந்தது. மலைக்காரர்களும் புரிந்துகொண்டார்கள், இந்த ஆஸ்பத்திரியில் கருப்புத் தழும்பைக் காட்டினால் திட்டுவார்கள் என்று. அதனால் காய்ச்சல் வந்தவர்கள் அதை மறைத்துக்கொண்டு வந்தார்கள். நோய் தன் அடையாளத்தை உடம்பின் மேலேயே வைத்திருந்தது. நாங்கள் எல்லோரும் சேர்ந்து அதைத் துணிக்குள் தள்ளிவிட்டு, ரத்தத்தில் தேடிக்கொண்டிருந்தோம்.

மருந்து எங்கள் அலமாரியிலேயே இருந்தது. டாக்ஸிசைக்ளின். ஆனால் தீர்த்தம்மா இன்னும் மூட்டையை அவிழ்க்கவில்லை. டாக்டர் அவரிடம் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். இது பூச்சிக்கடி, இதற்கு மாத்திரை உண்டு, உடனே கொடுக்க வேண்டும், ஆக்சிஜன் வைக்க வேண்டும். தீர்த்தம்மா கேட்டுக்கொண்டார்.

"நான் வெக்கலேன்னு நீங்க நம்பறீங்க" என்றார். "அந்தம்மா சொல்லட்டும். அன்னிக்கு எல்லாரும் கேட்டாங்க. இன்னிக்கும் எல்லாரும் கேக்கோணும்."

ராணி சிஸ்டர் திரைக்கு வெளியே மருந்துத் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது. டாக்டர் அவரைக் கூப்பிடவும் இல்லை, கட்டளை போடவும் இல்லை. திரையை மட்டும் விலக்கினார். சிஸ்டர் ஒரு நிமிடம் அப்படியே நின்றார். அந்தக் குழந்தையை நினைத்தாரா, இத்தனை வருடம் தான் திட்டிய ஒவ்வொருவரையும் நினைத்தாரா, எனக்குத் தெரியாது. தட்டை மேசையில் வைத்துவிட்டு வார்டின் நடுவில் போய் நின்றார். திட்டும்போது எவ்வளவு சத்தமாகப் பேசுவாரோ அதே சத்தத்தில் பேசினார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. இந்தக்கா சூடு வெக்கல. நான்தான் சரியாப் பாக்காமப் பேசிட்டேன். தப்பு எம்மேலதான்."

மூன்றாவது கட்டிலில் காய்ச்சலோடு படுத்திருந்த அம்மா ஒருவர் எழுந்து உட்கார்ந்தார்.

"அப்ப என்னுதயும் வந்து பாரு தாயி" என்றார். "திட்டுவியேன்னு இடுப்புல தழை வெச்சு ஒட்டியிருக்கறேன். ரெண்டு நாளா ஒரே நமைச்சல், பூச்சி கடிச்சதுல இல்ல, தழையில."

முதலில் சிரித்தது ராணி சிஸ்டர்தான். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தீர்த்தம்மா உட்கார்ந்து மூட்டையை அவிழ்த்தார். உள்ளங்கையில் வைத்த மாத்திரையைப் பார்த்து, "இத்தனூண்டுதானா?" என்றார். ஆம்புலன்ஸ் கொஞ்ச நேரம் வாசலில் நின்றது. மூச்சு இதற்கு மேல் மோசமானால் உடனே கிளம்பிவிட வேண்டும் என்று டாக்டர் தீர்த்தம்மாவிடம் முன்பே பேசி ஒப்புதல் வாங்கியிருந்தார். இந்த முறை அவர் மறுக்கவில்லை. ஆனால் அதற்குத் தேவை வரவில்லை.

நான் ரத்த மாதிரியைத் தர்மபுரிக்கு அனுப்பினேன். அப்போது எங்களிடம் அந்தப் பரிசோதனைக்கு வசதி இல்லை. முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாமா என்று டாக்டரிடம் கேட்டேன். "உன் பேப்பர் வரட்டும், வேணாங்கல. அதுவரைக்கும் நான் சும்மா உக்காந்திருக்கல, அவ்வளவுதான். கோச்சுக்காத லேப்பு" என்றார்.

இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. மூன்றாம் நாள் காலையில் நான் ஊசியோடு போனபோது காவேரி எழுந்து உட்கார்ந்து, ராகிக் களி வேண்டும் என்று அம்மாவிடம் அடம்பிடித்துக்கொண்டிருந்தாள். மதியம் ராணி சிஸ்டர் தூக்குப் பாத்திரத்தில் களியும் கீரைக் கடைசலும் கொண்டுவந்தார். தீர்த்தம்மா ஒரு உருண்டை எடுத்து வாயில் போட்டுவிட்டு, "உப்பு பத்தல" என்றார். அவர்களுக்கு இடையில் இருந்த கணக்கு அதோடு முடிந்தது என்று நினைக்கிறேன். தர்மபுரியிலிருந்து முடிவு வந்து சேர்ந்தபோது காவேரி மலையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தாளில், மழைக்குப் பிறகு வரும் மலைக்காரர்களுக்கு நான் அதிகம் எழுதியிராத ஒரு வார்த்தை இருந்தது: இருக்கிறது.

அடுத்த வாரமே டாக்டர் மேலே போக வேண்டும் என்றார். ராணி சிஸ்டரும் நானும் கூடப் போனோம். தீர்த்தம்மா எங்களை வீடு வீடாக அழைத்துப் போனார். சிஸ்டர் பெண்களை உள்ளே கூட்டிப் போய்ப் பார்த்தார். டாக்டர் ஆண்களை வாசலில் போர்வையை மறைப்பாகக் கட்டிப் பார்த்தார். சுண்ணாம்பு தடவி மறைத்தது, கயிறு கட்டி மறைத்தது, கோவணத்துக்குள் இருந்தது என்று பொருக்குகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. புல் அறுக்கப் போகும்போது காலை மூடிக்கொள்வது, வந்ததும் குளித்துத் துணியை மாற்றுவது, புல்லின் மேல் அப்படியே படுக்காமல் இருப்பது, இந்த மூன்றையும் சொல்லிவிட்டு வந்தோம். பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அந்தத் தை மாதம் எங்கள் சீட்டுகளில் "காரணம் தெரியாத" என்ற சொல் அரிதாகிவிட்டது.

வாசல் போர்டை எடுத்துவிடலாமா என்று ஒரு பேச்சு வந்தது. கூடாது என்று ராணி சிஸ்டர் சொன்னார், டாக்டரும் ஒப்புக்கொண்டார். பச்சைக் குழந்தைகளுக்குச் சூடு வைப்பது இன்னும் நின்றுவிடவில்லை. அதனால் பழைய வரிகளை அப்படியே விட்டுவிட்டு அடியில் ஒரு வரி சேர்த்தோம். என்ன எழுதுவது என்று நான் நான்கைந்து விதமாக எழுதிக் காட்டினேன். உண்ணிக் காய்ச்சலின் அறிகுறிகள் என்று தலைப்புப் போட்டு, எண் போட்டு, அழகாக. டாக்டர் எல்லாவற்றையும் படித்துவிட்டு, "இதெல்லாம் நமக்கு. அவங்களுக்கு எழுது" என்றார். கடைசியில் வாசகத்தைச் சொன்னது ராணி சிஸ்டர்தான்: "உடம்பில் கருப்புப் பொருக்கு இருந்தால் காட்டுங்கள். யாரும் திட்ட மாட்டார்கள்."

அந்த மருத்துவமனைக்கு நான் எதற்கெல்லாம் கடன்பட்டிருக்கிறேன் என்று நினைத்துப் பார்க்கிறேன். குழாயின் மேல் ஒட்டிய பெயருக்குப் பின்னால் ஒரு முகம் இருக்கிறது என்று என்னை நடக்க வைத்த டாக்டருக்கு. கேள்விக்கும் திட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எனக்குக் காட்டியதற்கு. மூட்டையைக் கட்டிய பிறகும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல மனம் வைத்த தீர்த்தம்மாவுக்கு. வார்டின் நடுவில் நின்று பேசிய ராணி சிஸ்டருக்கு. அன்று அவர் பேசியது ஒரே மூச்சில் முடிந்துவிட்டது. ஆனால் அதைவிடக் கடினமான வேலையை அங்கே யாரும் செய்து நான் பார்த்ததில்லை. டாக்டர் இப்போது ஓய்வு பெற்று வேலூரில் இருக்கிறார். நிரந்தரப் பணி கிடைத்ததைச் சொல்லப் போன் செய்தபோது, "கால் இன்னும் இருக்குதா லேப்பு?" என்று கேட்டார்.

இதை எழுதத் தொடங்கி முடிப்பதற்குள் திவ்யாவிடமிருந்து போன் வந்தது. மலையிலிருந்து ஒரு பெரியவர் காய்ச்சலோடு வந்திருக்கிறார். உண்ணிக் காய்ச்சலுக்கான கார்டு டெஸ்ட் போட்டிருக்கிறாள். கோடு விழவில்லை. காய்ச்சல் வந்த முதல் சில நாட்களில் அந்தக் கார்டு பல நேரம் ஒன்றும் காட்டாது. அவளுக்கும் அது தெரியும், பெட்டியின் மேலேயே எழுதியிருக்கும்.

"அப்புறம் உங்க கடைசி லைன் ஞாபகம் வந்துச்சுக்கா. கேட்டுத்தான் பாப்போமேன்னு வார்டுக்குப் போனேன்."

"கேட்டியா?"

"எங்க கேக்க விட்டாருக்கா? நான் கிட்டப் போறதுக்குள்ள அவரே தலைத்துண்டை அவுத்து, காதுக்குப் பின்னாடி காட்டறாரு. இருக்குதுக்கா. கருப்பா, பொட்டாட்டம்."

"என்ன சொன்னாரு?"

திவ்யா சிரித்தாள். "வாசல் போர்டைப் பேரன் படிச்சுச் சொன்னானாம். 'திட்ட மாட்டீங்கன்னு போட்டிருக்குதாமே, அதான் காட்டறேன். மீறித் திட்டினீங்க, போகும்போது அந்தப் போர்டைக் கழட்டித் தோள்ல போட்டுட்டுப் போயிருவேன்'னாரு."

மாத்திரையைத் தொடங்கிவிட்டார்களாம். ராணி சிஸ்டர் ரசம் ஊற்றிக்கொண்டிருக்கிறாராம்.